பதினாலாவது பிரதி

ஜூன் 3, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று மையம் திறந்தோம். என்னிடம் பேச்சுப் பயிற்சிக்குப் புதிதாக ஒன்பது பிள்ளைகள். பழையவர்களோடு சேர்த்து இருபத்தாறு பேர். யாருக்கும் வாய்ப்பேச்சு வராது. வந்தாலும் பெற்றவளைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. அவர்களுக்கு வாய் 'மொழித்துணை'தான். திரையில் படத்தையோ எழுத்தையோ தொட்டால் ஓர் இளம்பெண்ணின் குரலில் தமிழ் பேசும். பதினோரு வருடத்துக்கு முன் ஐந்து கம்ப்யூட்டருக்கு உரிமம் வாங்கியது. லீவில் ஒன்று உயிரை விட்டிருக்கிறது. மீதி நான்கு.

மேசையெல்லாம் பல்லி எச்சம். துடைத்து முடிக்கவே பதினோரு மணி.

ஜூன் 5, புதன்

மொழித்துணை வந்த பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லையாம். புது கம்ப்யூட்டரில் போடும்போது திரையில் ஓர் எண் வரும். அதைக் கம்பெனிக்குச் சொன்னால் பதில் எண் தருவார்கள், அதை அடித்தால்தான் வேலை செய்யும். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் பூட்டு திறக்காது. கோயம்புத்தூர் முகவரிக்குக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன்.

போன வருடம் குமுதா மேடம் டேப்லெட்டில் புதிது ஒன்று வாங்கி வந்தார். இன்டர்நெட் இல்லாமல் அது ஊமை. கை நடுங்கும் பிள்ளை எதைத் தொட்டாலும் நாலைந்தைச் சேர்த்துக் கத்தியது. மொழித்துணை அப்படியில்லை. விரல் ஒரு கட்டத்தில் நின்று நிலைக்கும்வரை காத்திருக்கும். செய்தவருக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

புதுப் பையன் லோகித், பதினோரு வயது, நம்பியூர்ப் பக்கம். இரண்டே நாளில் எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டான். மாலை வேன் வந்ததும் கம்ப்யூட்டரை விட்டு எழ மாட்டேன் என்று மேசையைக் கடித்தான். அவன் அம்மா சாந்தாமணி என்னிடம், "ஊட்டுக்கு ஒண்ணு குடுக்க முடியாதுங்களா? ரெண்டு நாளா பேசறவன் ஊட்டுக்கு வந்தா மறுக்கா ஊமையாயிடறானுங்க" என்றாள்.

"உரிமம் இல்லீங்க" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. சொன்ன எனக்கும்தான்.

ஜூன் 8, சனி

லேப்டாப் பழுது பார்க்கும் யூனுஸ் அண்ணனிடம் போனேன். பெட்டியில் இருந்த உரிமத் தாளைக் காட்டினேன். 'ஐந்து கணினிகளுக்கு மேல் நிறுவுதல் கூடாது.' அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஓடுற மெசினோட டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தாப் போதும்மா. அது தன்னைப் பழைய மெசின்னே நெனச்சுக்கும், நம்பர் கேக்காது. விக்கிறவனே இல்லாத சரக்கு. இதுல யாரு வயித்துல அடிக்கிறோம்?"

என் மகன் பெங்களூர் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது. சோதனைக்குத்தான். திங்கட்கிழமை அழித்துவிட வேண்டும்.

ஜூன் 12, புதன்

கோயம்புத்தூர்க் கடிதம் திரும்பி வந்துவிட்டது. 'இந்த விலாசத்தில் இல்லை.'

குமுதா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம்தான் இந்த மையத்தைத் தொடங்கியவர். எதையும் நின்றுகொண்டே முடிவு செய்வார். "கோதை, கம்பெனி இல்ல, கடை இல்ல, ஆளும் இல்ல. பேச முடியாத குழந்தைங்க மட்டும் இருக்காங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? பண்ணுங்க."

"பெட்டியில எழுதியிருக்குங்களே, மேடம்."

"எழுதினவன் வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஜூன் 15, சனி

வீட்டு லேப்டாப்பை இன்னும் அழிக்கவில்லை. நேரமில்லை.

என் வீட்டுக்காரர் அதைக் கவனிக்கிறார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. புத்தி தெளிவு, இடது கையும் பரவாயில்லை, பேச்சுதான் முழுக்கப் போய்விட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் நான் கொடியிலிருந்து துணி உருவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல்: "கோதை, சாப்பிட்டியா?"

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் விரல் அந்தப் பொத்தான்மேல் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் 'இந்தா' என்பதைத் தவிர வேறெப்படியும் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

ஜூன் 21, வெள்ளி

பழைய லேப்டாப்கள் நன்கொடையாக வந்தன. யூனுஸ் அண்ணன் ஆறு பிரதி போட்டார். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஒவ்வொரு அம்மாவிடமும், வெளியில் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். சொல்லும்போது என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

'சாப்பிட்டியா' என்பதை 'சாப்ட்டியா' என்று மாற்றினேன். அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். 'இன்னைக்கு ரொம்ப அலைச்சலா?' என்று ஒன்று சேர்த்தேன். மதியம் அதை அழுத்தினார். மூன்று தடவை.

ஜூன் 28, வெள்ளி

இன்னும் ஏழு. மொத்தம் பதிமூன்று பிள்ளைகள் வீட்டில் பேசுகிறார்கள். பிரதிபாவுக்கும் ஒன்று கொடுத்தாயிற்று. அவளுக்கு இப்போது பதினாறு வயது. எட்டு வயதில் வந்தவள். மொழித்துணையில் அவள் சண்டையே போடுவாள். "இவ்வளவு நாள் ஏன் குடுக்கல?" என்று கேட்டாள். உரிமம் பற்றிச் சொன்னேன். "அப்ப இப்ப மட்டும்?" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

சாந்தாமணி போனில் அழுதாள், சந்தோஷத்தில். லோகித் மையத்துக்கு மூன்று நாள், ஊர்ப் பள்ளிக்கு இரண்டு நாள். லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கிறான். வருகைப் பதிவில் அவன் பேர் வந்ததும், "வந்திருக்கேன் டீச்சர்" என்று சொல்லவைத்திருக்கிறான். வகுப்பே கைதட்டியதாம்.

"ஆனா அந்த டீச்சரு எந்திரிச்சு வெளிய போயிட்டாங்களாமுங்க. அழுதுட்டாங்களாட்ட இருக்குது."

எனக்கும் கண் கலங்கியது. இதற்காகத்தானே செய்தோம்.

ஜூலை 4, வியாழன்

அந்த ஆசிரியை மையத்துக்குப் போன் செய்தார். பேர் அனுசூயா. நான்தான் எடுத்தேன். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பையன் பேசறது யாரோட குரலுன்னு தெரியுமாங்க உங்களுக்கு?"

கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக நாள் முழுக்கக் கேட்கிற குரல் போனுக்குள்ளிருந்து பேசியது. கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

"இத நிறுத்தியாச்சுன்னு சொன்னாங்களே. எட்டு வருசத்துக்கு முன்னாடியே நிறுத்தியாச்சுன்னாங்களே. உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

எங்களிடம் உரிமம் இருக்கிறது என்றேன். பொய்யில்லை. அரைப் பொய்.

ஜூலை 5, வெள்ளி

அனுசூயா கொடுத்த எண்ணில் தேவசகாயம் என்பவரிடம் பேசினேன். மொழித்துணையைச் செய்தவர். இப்போது திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறார். நஷ்டத்தில் மூடினீர்களா என்று கேட்டேன்.

"இல்லைங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணுக்காகத்தான் மூடினேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். அனுசூயா கல்லூரியில் படிக்கும்போது அவருக்காகக் குரல் பதிவு செய்தாள். ஆயிரத்துச் சொச்சம் ஒலித்துண்டுகள், மூன்று வாரம். நல்ல காரியம் என்று சும்மாவே செய்தாள். பிற்பாடு அவளுக்கு நிச்சயம் ஆனது. அவளைப் பிடிக்காத ஒருத்தன் எங்கேயோ கிடைத்த பிரதியில் அசிங்க அசிங்கமாக எழுதி அவள் குரலில் பேசவைத்து, அதைப் பதிவு செய்து மாப்பிள்ளை வீட்டுப் போன்களுக்கெல்லாம் அனுப்பினான். இது மெஷின் என்று அவள் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. நிச்சயம் முறிந்தது. அவள் அப்பா அதற்கப்புறம் வெளியிலேயே தலைகாட்டவில்லை.

"என்கிட்ட அவ கையெழுத்துப் போட்ட பேப்பர் இருந்துச்சு. சட்டப்படி அவளால ஒண்ணும் கேட்க முடியாது. ஆனா வந்து நின்னு, 'என் குரலை நிறுத்திடுங்க சார்'னு கேட்டா. நிறுத்திட்டேன். ஏற்கெனவே வாங்கினவங்க கிட்டேருந்து பிடுங்க வேண்டாம், ஆனா இனிமே ஒண்ணுகூடப் புதுசா வெளிய போகாதுன்னு வாக்கு குடுத்தேன்." அப்புறம், "எத்தனை போட்டீங்க?" என்றார்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

சமைக்கவில்லை. இட்லி வாங்கி வந்தேன்.

ஆள் இல்லாத சரக்கு என்று நினைத்தோம். ஆள் இருந்திருக்கிறாள், நாற்பது நிமிடப் பேருந்துத் தூரத்தில். வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டு.

"கோதை, எல்லாம் சரியாயிடும்" என்றது அவர் லேப்டாப். அந்தக் குரல் அந்தப் பேச்சைச் சொன்னதும் எனக்கு உடம்பு கூசியது. அணைத்துவிட்டேன். அவர் மறுபடி போடச் சொல்லிக் கையைக் காட்டவில்லை.

ஜூலை 12, வெள்ளி

அனுசூயா அடுத்த சனிக்கிழமை மையத்துக்கு வருகிறார். அவரே கேட்டார். குமுதா மேடம், "நல்லதாப் போச்சு. பிரதிபாவை எதிர்ல உக்கார வைங்க. அவ பேசறதக் கேட்டா எந்தக் கல் மனசும் இளகும். என்ன பேசணும்னு மட்டும் நீங்க ரெடி பண்ணிடுங்க" என்றார்.

செய்துவிட்டேன். பிரதிபாவின் பலகையில் முதல் பொத்தான்: 'அக்கா, உங்க குரலை எங்களுக்குக் குடுங்க. அது இல்லாட்டி நாங்க ஊமை.'

ஜூலை 20, சனி

காலை பத்தரைக்கு வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும்; நீலப் பருத்திப் புடவை, கையில் டிபன் பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். உள்ளே நாலு பிள்ளைகள் நாலு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்தார்கள். "தண்ணி." "அவன் கிள்றான்." "அம்மா எப்ப வரும்?" எல்லாம் அவர் குரல். முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

பிரதிபாவின் முன்னால் உட்கார வைத்தோம். மேடம் என்னைப் பார்த்தார். நான் பிரதிபாவைப் பார்த்தேன். அவள் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. எழுத்துப் பக்கத்தைத் திறந்தாள். கை நடுங்க நடுங்க ஒவ்வொரு எழுத்தாக, நாலு நிமிடமாவது ஆகியிருக்கும்.

"நீங்க பேசறப்ப நான் பேசற மாதிரி இருக்கு. எனக்கும் புடிக்கல."

அனுசூயா திடுக்கிட்டுப் போய், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பிரதிபாவும் சிரித்தாள், அவள் சிரிப்பு மட்டும் அவளுடையது, உரத்த சிரிப்பு. சிரித்து முடித்து மறுபடி எழுதினாள்.

"எட்டு வயசுல இருந்து இதான் என் குரலு. கனவுல கூட."

"உனக்கு அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா, கண்ணு?" அனுசூயா நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். எங்களிடம் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார். பிரதிபா தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

அப்போதுதான் அனுசூயா கண்ணில் அந்த முதல் பொத்தான் பட்டது. படித்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தானுங்க" என்றேன்.

"இவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லீங்க."

"அவனும் இதத்தானுங்க பண்ணினான். நான் சொல்லாதத என் வாயில வெச்சான்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. எழுந்து டிபன் பையை எடுத்துக்கொண்டார். "மொத்தம் எத்தனை போட்டிருக்கீங்க?"

"பதிமூணுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

ஜூலை 21, ஞாயிறு

வீட்டில் அவர் லேப்டாப்பைத் திறந்து பொத்தான்களை எண்ணினேன். இருபத்திரண்டு. அத்தனையும் நான் எழுதியது. 'சாப்ட்டியா.' 'ரொம்ப அலைச்சலா.' 'இந்தச் சேலை நல்லாருக்கு.' 'நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்.' அவருக்கு வேண்டிய தண்ணீர், வலி, கழிவறை எல்லாம் அடுத்த பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவது என்று நான் அவருக்குக் காட்டிக்கொடுத்ததாக நினைவில்லை.

ஒவ்வொன்றாக அழித்தேன். எழுத்துப் பலகையை மட்டும் வைத்து அவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தினேன். "உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க" என்றேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 22, திங்கள்

அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

மையத்திலிருந்து வந்தபோது திரையில் ஒரு வரி இருந்தது. எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாரோ. நான் உட்கார்ந்ததும் பேசு பொத்தானை அழுத்தினார்.

"இத்தனை நாளும் நீதான் பேசுன."

ஜூலை 24, புதன்

காலையிலேயே அனுசூயாவைக் கூப்பிட்டேன். "பதிமூணு இல்லீங்க. பதினாலு."

"பதினாலாவது யாரு?"

"என் வீட்டுக்காரரு. முதல்ல போட்டதே அவருக்குத்தான்."

"அவரு என்ன பேசுனாரு, என் குரல்ல?"

"அவரு பேசலீங்க. நான்தான் பேசுனேன். பொண்டாட்டிகிட்ட அவரு பேசாததையெல்லாம் உங்க குரல்ல எழுதி வெச்சுக் கேட்டுட்டிருந்தேன்."

பள்ளி மணி அடிப்பது கேட்டது. "வகுப்பு இருக்குதுங்க" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்காரரிடம் போய், "இதை எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். தலையசைத்தார். எடுத்துவிட்டேன். அட்டையில் எழுத்துக்களை எழுதி மடியில் வைத்தேன். அவர் தொடுவதை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. முதலில் தொட்டது: 'காத்தாடி போடு.'

ஜூலை 29, திங்கள்

அனுசூயாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. பிரதிபா வைத்துக்கொள்ளலாம், அவளும் தானும் போனில் பேசி முடிவு செய்துகொண்டதாக எழுதியிருந்தார். மையத்தில் உரிமத்தோடு இருக்கும் நான்கும் இருக்கட்டும், வாக்கு அப்படித்தான். வீடுகளில் உள்ள மற்ற பன்னிரண்டும் போக வேண்டும். லோகித் விஷயத்தில் தான் செய்வது பாவம் என்று தெரியும், ஆனாலும் வாரம் இரண்டு நாள் தன் வகுப்பில் தன் குரல் தனக்கே பதில் சொல்வதைத் தாங்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

மேடத்துக்கு ஆத்திரம். "ஒருத்தர் சங்கடத்துக்காகப் பன்னெண்டு பிள்ளைங்க வாயைக் கட்டணுமா? முடியாதுன்னு சொல்லுங்க. கோர்ட்டுக்கா போயிடப் போறாங்க?"

"போக மாட்டாங்க, மேடம். அதனாலதான் எடுக்கணும்னு சொல்றேன்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. "அப்ப நீங்களே வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க. என்னால முடியாது" என்றார்.

தேவசகாயத்திடம் பேசினேன். வேறு குரலைப் பதிவு செய்து கொடுத்தால் பழையதை எடுத்துவிட்டு அதை உள்ளே வைத்துத் தருகிறாராம். அதற்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், எழுத்தில் தருகிறேன் என்றார். ஒரு மாதமாவது ஆகும். கேட்டிருந்தால் ஜூனிலேயே செய்திருப்பாராம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. மையம் விடுமுறை. ஊரெல்லாம் ஆற்றுக்குப் போகிறது. நான் நம்பியூர் போனேன். பன்னிரண்டில் இதுதான் கடைசி வீடு.

லோகித்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துப் படுத்துக்கொண்டான். சாந்தாமணி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"குடுக்காமயே இருந்திருக்கலாமுங்க. இல்லாமயே இருந்து பழகிக்கிட்டவன். பேச வெச்சுட்டு இப்ப வந்து நிறுத்தறீங்க."

"ஒரு மாசத்துல வேற குரலு வந்துருமுங்க. நீங்களே பதிவு பண்ணலாம், உங்க குரல்லயே."

"ஏனுங்க, பையன் அவங்கம்மா குரல்ல பேசுனா பள்ளிக்கூடத்துல சிரிக்க மாட்டாங்களா?" என்றாள். அப்புறம், "அவங்க மாமன் பையன் ஒருத்தன் இருக்கறான். அவனக் கேக்கோணும்" என்று முனகினாள்.

அவன் கையிலிருந்து வாங்க நாங்கள் இரண்டு பேர் தேவைப்பட்டோம். பிடுங்கும்போது அவன் விரல் எதிலோ பட்டு, "வந்திருக்கேன் டீச்சர்" என்றது.

பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லோகித் மையத்துக்கு வந்தான். என் மேசைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவருக்கு யார் குரலைப் பதிவு செய்யலாம் என்று கேட்டேன். மகனா, அவர் அண்ணனா. இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தார். அட்டையை இழுத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, சேர்த்து, என் வாயாலேயே சொன்னேன்.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பேச்சுப் பயிற்சி குடுக்கறியே. எனக்கு ஏன் நாலே மாசத்துல நிறுத்துன?"

இதை நான் எங்கும் எழுதவில்லை. இந்த நோட்டிலும்தான். அவருக்கு வாயில் எச்சில் வழியும், கோபம் வரும், கண்ணாடியைத் தட்டிவிடுவார். மையத்தில் அத்தனை பிள்ளைகளிடம் வருகிற பொறுமை வீட்டில் வரவில்லை. டாக்டரிடம், இனி முன்னேற்றம் இருக்காது போலிருக்கிறது என்று நான்தான் சொன்னேன். டாக்டரும் சரி என்றுவிட்டார்.

"உங்களுக்குக் கோபம் வந்துச்சு" என்றேன்.

அட்டையில் தொட்டார். படித்தேன். "உனக்கும்."

ஆகஸ்ட் 12, திங்கள்

மையத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டேன். கண்ணாடியை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். உதடு மூடித் திறப்பது, நாக்கை மேலண்ணத்தில் வைப்பது, ஆரம்பப் பாடம். இருபது நிமிடம் வெறும் மூச்சுத்தான் வந்தது. எச்சில் வழிந்தபோது துடைத்தேன். கண்ணாடியைத் தள்ளினார், எடுத்து வைத்தேன். இரண்டாம் தடவை தள்ளினார், எடுத்து வைத்தேன்.

ஒன்பதே காலுக்கு 'ம' வந்தது. கரகரவென்று, யாருடையதோ போல. மறுபடி முயன்றார், வரவில்லை. நாளைக்கும் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன்.